மாமா நேரலையில் இருக்கிறார்

எர்மேக்கின் கைப்பேசித் திரை ஓரத்தில், நெட் எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டிப் பச்சையாக நின்ற எண் திடீரென்று சிவந்தது. நாற்பதில் இருந்தது தொள்ளாயிரத்துக்கு எகிறியது. அவனுடைய வீரன் புதருக்கு நடுவில் அசையாமல் நிற்க, எதிரணியில் மூன்று பேர் நிதானமாக வந்து, நிதானமாக அடித்துக் கொன்றுவிட்டுப் போனார்கள். எண் மறுபடி பச்சையானபோது ஆட்டமே முடிந்திருந்தது.

"டேய், நீ விளையாடுறியா, இல்ல பிணமா நடிக்கிறியா?" காதுக்குள் அணித் தலைவன் ரினாத்தின் குரல் கொதித்தது. "இதோட ரெண்டு மேட்ச் உன்னால போச்சு. ஞாயித்துக்கிழமை தகுதிச் சுற்று. ஜெயிச்சா பெரிய போட்டிக்கு அல்மாட்டி போறோம். அன்னிக்கும் உன் நெட்டு இழுத்துச்சுன்னா உன் இடத்துல திலேக் உக்காருவான். சொல்லிட்டேன்."

"நெட்டு என் கையிலயாடா இருக்கு?"

"பின்ன என் கையிலயா இருக்கு? சரி பண்ணு, போ."

சரி பண்ணுவதாம்! எர்மேக் என்னதான் செய்யவில்லை? வைஃபை பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி உச்சியில் வைத்தான். அலைவரிசையை மாற்றினான். அடுத்த வீட்டுக்காரர்களின் வைஃபைதான் மோதுகிறது என்று சந்தேகப்பட்டு வேறு சேனலுக்குத் தாவினான். அம்மா மைக்ரோவேவில் சூப்பைச் சூடாக்கும்போதெல்லாம், அதுதான் நெட்டை இழுக்கிறதோ என்று அந்த எண்ணையே முறைத்துப் பார்த்தான். இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று ஒரு பெண் பாட்டுப் போலச் சொன்னாள். சிம்கார்டு இணைப்பில் ஆடலாம் என்றால், கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கின் அந்தப் பழைய கான்கிரீட் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் சிக்னலே வரும். காசு கொடுத்து கேம் ஆடும் கடைகளில் வைஃபை இதைவிடக் கேவலம்.

ஒன்று மட்டும் அவனுக்கு உறைத்தது. மாமா வந்த பிறகுதான் இந்தச் சனியன் பிடித்தது.

அம்மாவின் அண்ணன் தொக்தோசுன் பல் கட்டிக்கொள்ள மலையூரான நாரினிலிருந்து வந்திருந்தார். வந்தவர் போகிற வழியைக் காணோம். வீட்டிலேயே நல்ல அறை, வைஃபை பெட்டி இருந்த அந்த உள்ளறை, அவருக்குத்தான். உதட்டுக்கடியில் பச்சைப் புகையிலையை அடக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அதைத் துப்புவதற்கு அவருக்குக் கிடைத்தது அம்மாவின் பூப்போட்ட தேநீர்க் கிண்ணம்! அடியில் கொழகொழவென்று பச்சையாகத் தேங்கிக் கிடக்கும். அதைக் கழுவுவது எர்மேக்கின் வேலை. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீரைத் திறப்பான். இந்த அழகில் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்தால் உபதேசம் வேறு.

"மருமகனே, போனு ஒரு போதை. போதைன்னா சாதாரண போதையா? ஆளையே தின்னுரும்" என்று பச்சைப் பல்லைக் காட்டுவார்.

அம்மா புருல்சா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். அப்பா ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனதிலிருந்து, ஒரு ஆண்பிள்ளை வாயால் மகனுக்குப் புத்தி கிடைக்கிறதே என்று அவளுக்குப் பூரிப்பு.

மறுநாள் மாலை, தேநீர் முடிந்த கையோடு எண் மறுபடி சிவந்தது. எர்மேக் ஆட்டத்தை விட்டுவிட்டு வைஃபை பெட்டியின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தான். ஒரே ஒரு கருவி வீட்டு இணைப்பின் மொத்த அப்லோடையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மூட்டை மூட்டையாக வீடியோவை வெளியே தள்ளுகிறது. அவனுடைய ஆட்டத்தின் பொடித் தகவல்கள் பின்னால் வரிசையில் நின்று சாகின்றன. யாருடைய கருவி? கேட்கவே வேண்டாம்.

உள்ளறைக் கதவைத் தள்ளினான். மாமா தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, மேலே கோட்டு, கீழே முட்டி தேய்ந்த பைஜாமா. ஜாம் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியைப் பார்த்து நேரலையில் கண்ணீர் மல்கப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க பிள்ளைங்க கையில இருக்கறது விளையாட்டு இல்ல சகோதரிகளே, விஷம்!" திரையில் இதயங்கள் பறந்தன. யாரோ ஒரு புண்ணியவதி, காசாக மாறும் ரோஜாப்பூ ஒன்றை அனுப்பினாள். "அல்லா உன் கையை நெறைக்கட்டும், தங்கச்சி!"

சீ! ஊருக்கெல்லாம் போதையை விடச் சொல்கிறவர், இதயத்துக்கும் ரோஜாவுக்கும் இப்படியா நாக்கைத் தொங்கப்போடுவார்?

அவர் முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான் எர்மேக். விருந்தாளி, அதிலும் அம்மாவின் அண்ணன். குரலை உயர்த்த முடியாது. "மாமா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் நேரலை வேண்டாமே. எனக்கு ஒரு மேட்ச் இருக்கு. அதுல தோத்தா என்னை அணியிலருந்து எடுத்துருவாங்க."

"அட, இவ்வளவுதானா? உனக்கில்லாததா, கண்ணு?" பக்கத்துத் தேநீர் விரிப்பில் மிச்சமிருந்த ரொட்டியை அவர் தொட்டார். "பேசினேன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

ரொட்டி மேல் சத்தியம் செய்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? எர்மேக் நம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அருமையாகத் தொடங்கியது. எண் முப்பத்தெட்டில் பச்சையாக நின்றது. எர்மேக் இரண்டு பேரைச் சாய்த்தான். "அப்படிப் போடு, சிங்கம்!" என்று ரினாத் கத்தினான். அப்போது உள்ளறையிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. "அன்பான சகோதரிகளே..."

எண் சிவந்தது. எர்மேக்கின் வீரன் உறைந்தான்.

"என்னடா, மறுபடியுமா?"

"ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம்!"

ஆட்டத்தைச் சுருக்கி, வைஃபை பெட்டியின் பக்கத்தைத் திறந்து, மாமாவின் கருவிமேல் விரலை வைத்துத் தடை என்பதை அழுத்தினான். அவ்வளவுதான். எண் பொட்டென்று முப்பத்தைந்துக்கு இறங்கியது. உறைந்த வீரன் உயிர் பெற்றான். அடுத்த சண்டையில் எர்மேக் மட்டுமே மூன்று பேரை வீழ்த்தினான். எதிரிக் கோட்டையில் பாதி இடிந்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு மோதல், அப்புறம் அல்மாட்டி.

"புருல்சா! ஏ புருல்சா!" உள்ளே மாமாவின் ஓலம். "பேசிட்டிருக்கும்போதே அறுந்துபோச்சு! உன் பையன் என்னமோ பண்ணிட்டான்! எரநூறு பேரு பாக்கறாங்க, என் மானம் போச்சு!"

அம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள். "மாமாவோடதைக் கட் பண்ணியா?"

"அம்மா, ரெண்டே நிமிஷம். ஜெயிக்கப் போறோம்மா. அவரு ரொட்டி மேல சத்தியம் பண்ணிட்டு..."

"கட் பண்ணியா, இல்லையா?"

"பண்ணேன். முடிஞ்சதும் விட்டுர்றேன், கெஞ்சிக் கேக்கறேன்..."

அவள் முகம் வெளுத்தது. "வந்தவர் வாய் வைக்காம இந்த வீட்ல யாரும் ரொட்டியப் பிச்சதில்ல. அண்ணனுக்கு இல்லாத நெட்டு உனக்கு எதுக்கு?" விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை நின்றது. எண்ணே இல்லை. எர்மேக் ஓடிப்போய் பிளக்கைச் செருகினான். பெட்டி ஒவ்வொரு விளக்காக, ஆடி அசைந்து, கண் விழித்தது. ஆட்டத்துக்குள் நுழைந்தபோது திரை முழுக்கத் தோல்வி என்ற சொல்தான் இருந்தது.

ரினாத் திட்டக்கூட இல்லை. இரண்டு செய்திகள் அனுப்பியிருந்தான். நாளையிலிருந்து திலேக் ஆடுவான் என்பது ஒன்று. இன்னொன்று ஒரு வீடியோ. கூடவே ஒரு வரி: "இது உங்க வீடுதானே?"

மாமா தன் பக்கத்தில் முன்பே போட்டிருந்த, கதவு இடுக்கு வழியாக எடுத்த வீடியோ. எர்மேக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அணியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாமாவின் கிசுகிசுப்பு: "பாருங்க சகோதரிகளே. என் சொந்தத் தங்கச்சி மகன். பைத்தியம் முத்திப்போச்சு."

எர்மேக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகல் வாயன், அவன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அவனை விற்றிருக்கிறான்! நேரே அடுப்படிக்குப் போய்க் கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு எதிரே நீட்டினான். "பாரும்மா! உன் அண்ணன் லட்சணத்தப் பாரு! இவருக்காகத்தான் என் பொழப்பப் பிடுங்கிப் போட்ட. என்னை அணியிலருந்து தூக்கிட்டாங்க, தெரியுமா?"

அம்மா வீடியோவைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. அவனுடைய விரல் பட்டுத் திரை கீழே நகர்ந்தது. கருத்துகளில் முதலாவதாக, ரோஜா நிறத் தலைத்துணி கட்டிய அவளுடைய படம். "உண்மையான பேச்சு அண்ணே. இது என் பையன்தான். இவன் இதிலிருந்து மீள எல்லாரும் அல்லாவிடம் துவா செய்யுங்கள்." அதன் கீழே நூற்றுக்கணக்கில் பிரார்த்தனைக்கு ஏந்திய கைகளின் படங்கள்.

"நீயாம்மா எழுதின?"

"வேற யாரு எழுதுவா?" மாவுக் கையால் அவன் கன்னத்தைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். "நெசமாவே அணியிலருந்து எடுத்துட்டாங்களா? பாத்தியா, கேட்டது பலிச்சிருச்சு! போ கண்ணு, மாமாவுக்கு நெட்டைப் போட்டுக் குடு. துவா செஞ்சவங்களுக்கெல்லாம் இந்த நல்ல சேதியச் சொல்லணும்."

உள்ளறையில் மாமா தொண்டையைச் செருமினார். மெத்தையில் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தட்டிக் காட்டினார். "வா மருமகனே, நீயும் வந்து உக்காரு. எல்லாரும் உன்னைப் பாக்கட்டும்."