சுபேதாருக்கு வர்க்கி கூடாது

மயில்சாமி முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர் பையைத் தடவிச் சம்பளம் வாங்குகிறவர். யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரி வாசலில் அவர் தர்வான். உள்ளே போகிறவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து சாக்ஸ் வரைக்கும் தடவிப் பார்த்து, தீப்பெட்டியோ பீடியோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் விடுவார். ஒரு தீக்குச்சி உள்ளே போனால் மலையே எழுந்து உட்கார்ந்துவிடும் என்பது அவர் கட்சி. தினமும் வேலை தொடங்கும் முன் அவரையே இன்னொரு தர்வான் தடவிப் பார்ப்பார். சோதிக்கிறவனை முதலில் சோதி என்பது அந்த வாசலின் சட்டம். இத்தனை வருஷத்தில் மயில்சாமியிடம் ஒரு குண்டூசிகூட அகப்பட்டதில்லை. அந்தப் பெருமை அவருடைய மீசையிலேயே தெரியும்.

அவருடைய நாய்க்குப் பெயர் சுபேதார். தர்வானுக்கு மேலே ஒரு அதிகாரி வீட்டிலும் இருக்கட்டும் என்று வைத்த பெயர். பெற்ற பெண்ணைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த மறுவாரம், வெறிச்சென்று கிடந்த குவார்ட்டர்ஸுக்கு உள்ளங்கை அகலத்தில் வந்த குட்டி அது. ஒன்பது வருஷத்தில் கதவை அடைத்துக்கொண்டு படுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பெண் போன் செய்தால்கூட மயில்சாமி முதலில் சொல்வது சுபேதாரின் சேமத்தைத்தான்.

மழை பிடித்த ஜூன் மாதத்தில், சுபேதாரின் வயிற்றோரம் கோலிக்குண்டு அளவில் இருந்த கட்டி எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. மயில்சாமியும் மனைவி உமாராணியும் அதை ஆட்டோவில் ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஜெபிஷா சின்னப் பெண். ஆனால் தராசு முள்ளைப் பார்த்து அவள் புருவத்தைத் தூக்கியதில், மயில்சாமி தன்னையறியாமல் விறைப்பாக நின்றார்.

"முப்பத்திநாலு கிலோ. கட்டியை எடுத்தே ஆகணும் சார். ஆனா இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுக்க எனக்குப் பயமா இருக்கு. எட்டு வாரம் டைம். முப்பத்திரண்டுக்குக் கீழ கொண்டு வாங்க. அதுக்கு மேல தள்ளவும் முடியாது, கட்டி நமக்காகக் காத்திருக்காது. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"சோறுதானுங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

உமாராணி சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுதிக்கொடுத்தாள். ஒரு கைப்பிடி சோறு, தோலில்லாமல் வேகவைத்த கோழி, பூசணி, பீன்ஸ், உப்பு கூடாது. வெங்காயம், திராட்சை தொடவே கூடாது. சாக்லேட் விஷம். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: பன், பிஸ்கட், வர்க்கி கூடவே கூடாது. "ஆசைக்கு ஏதாவது குடுக்கணும்னா கேரட் குடுங்க சார். ஊட்டி கேரட்டை உலகமே திங்குது, உங்க நாய் திங்காதா?"

வீட்டுக்கு வந்ததும் மயில்சாமி ஒரு அட்டையை எடுத்து, ஃபேக்டரி வாசலில் இருக்கிற மாதிரியே சிவப்பு மையில் "தடை செய்யப்பட்ட பொருட்கள்" என்று எழுதி கேட்டில் தொங்கவிட்டார். தீப்பெட்டி இருக்க வேண்டிய முதலிடத்தில், மலைக்காரர்கள் டீயில் தோய்த்துத் தின்கிற அந்த அடுக்கடுக்கான மொறுமொறு வர்க்கி இருந்தது. அன்றிலிருந்து அந்த கேட்டைத் தாண்டிய எவரும் கையைத் தூக்காமல் போனதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் சிலிண்டரை இறக்கிவிட்டுக் கையைத் தூக்கினார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரின் பையில் கடலை மிட்டாய் இருந்தது. பறிமுதல் செய்து உமாராணியிடம் ஒப்படைத்தார். அவள் அதைத் தின்றாள்.

இரண்டு வாரம் கழித்து, மழையில் நனைந்தபடி கீழேயிருந்த தேயிலைக் கொட்டகைக்கு சுபேதாரை நடத்திக்கொண்டு போனார். பச்சை இலை நிறுக்கிற தராசில் நாயை உட்கார வைத்தார். நிறுவைக்காரர் முள்ளைப் பார்த்து, "முப்பத்திரண்டரை" என்றார்.

மயில்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஒன்றரைக் கிலோ குறைஞ்சிருச்சுங்களா!"

"இல்லீங்க, முப்பத்திநாலுதான் காட்டுது. ஈரத்துக்கு ஒன்றரை கழிச்சேன். மழைக்காலத்துல இலைக்கு அப்படித்தானுங்க கழிக்கிறது."

திரும்பி வரும்போது மயில்சாமிக்கு வந்த கோபத்தில் மழை பெய்வதே உறைக்கவில்லை. யாரோ கடத்துகிறார்கள். யார்? முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுக் கொர்னேலியஸ் மீது விழுந்தது. கொர்னேலியஸ் ஃபேக்டரி கேன்டீனில் வேலை செய்கிறவர். அவர் வீட்டில் சாமி படம் இல்லாத சுவர் இருக்கலாம், வர்க்கி இல்லாத டப்பா இருக்காது. மறுநாள் வேலியோரம் அவரை மறித்துக் கையைத் தூக்கச் சொன்னார். சட்டைப் பையில் வர்க்கித் தூள் இருந்தது.

"இது என்னப்பா?"

"என் சட்டை அண்ணே. என் வர்க்கி. நான் தின்னது. ஆண்டவர் சாட்சியா உங்க நாய்க்கு ஒரு துணுக்கு குடுக்கலே."

"பொய் சொல்லாத. வாயில்லா சீவனைக் கொல்லப் பாக்கறியா?"

பதினெட்டு வருஷம் வேலிக்கு மேலே மேரக்காய் என்கிற சௌசௌவும் மீன்குழம்பும் கைமாறிய சிநேகம். அன்றைக்கு அறுந்தது. கொர்னேலியஸ் கண்கலங்கிப்போய் உள்ளே போனார். உமாராணி, "ஏனுங்க, வெளிய தேடறதுக்கு முந்தி ஊட்டுக்குள்ள கொஞ்சம் பாருங்க" என்றாள். மயில்சாமி உடனே அவளுடைய முந்தானையைச் சோதித்தார். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலாவது வாரம் குன்னூரில் டாக்டர் தராசு பார்த்தாள். முப்பத்திநாலு. நூறு கிராம்கூட நகரவில்லை. கட்டியை விரல்களால் அளந்தவளின் முகம் மாறிவிட்டது.

"யாரோ குடுக்கறாங்க சார். நாலு வாரம்தான் பாக்கி. அந்த ஆளைப் புடிச்சாதான் இவன் பிழைப்பான்."

ஆட்டோவில் சுபேதார் வழக்கம்போல மயில்சாமி மடியில் தலையை வைத்துக்கொண்டது. அந்தக் கனத்தில் அவருக்குத் தொடை மரத்துப்போனது. ஆனாலும் நகர்த்த மனசில்லை. இந்தத் தலை இல்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டார். நாய்ச் சங்கிலியைத் தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அவர் குளிக்கப் போனால் நாய் கதவோரம், நாய் வெளியே போனால் அவர் செடியோரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேட்டையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஈ காக்கை வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு உமாராணி வாசலில் நாற்காலி போட்டு, டீயும் தட்டில் இரண்டு வர்க்கியும் வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கொர்னேலியஸ் மேரக்காய் பறித்துக்கொண்டிருந்தார். மயில்சாமியின் பார்வை அவரை விட்டு அசையவில்லை. இவன்தான். இப்போது எறிவான். பார்வையை எடுக்காமலே வர்க்கியை டீயில் தோய்த்தார். தோய்த்தது நேரமாகிவிட்டதால் பாதி வர்க்கி ஊறி உள்ளே விழுந்தது. கையிலிருந்த பாதி வாய்க்குப் போனது. இடது கையின் இரண்டு விரலை விட்டு மிச்சத்தை வழித்தெடுத்தார். கை தானாக நாற்காலிக்கு இடதுபுறம் இறங்கியது. 'சளப்' என்று ஒரு சத்தம். அப்புறம் இரண்டாவது வர்க்கி. அதுவும் ஊறியது, அதுவும் இறங்கியது. மறுபடியும் 'சளப்'.

வேலிக்கு மேலே கொர்னேலியஸின் தலை நிமிர்ந்தது.

"அண்ணே," என்றார் கொர்னேலியஸ், இரண்டு வாரமாகப் பேசாதவர். "கையைத் தூக்குங்க."

"என்னது?"

"ரெண்டு கையையும் தூக்குங்க அண்ணே."

முப்பத்தோரு வருஷப் பழக்கம். அந்த வார்த்தையைக் கேட்டதும் கை தானாக மேலே போனது. இடது கையோடு சங்கிலியும் போக, சங்கிலியோடு சுபேதாரும் எழுந்து நின்று, அந்த விரல்களையே அண்ணாந்து பார்த்து எச்சில் ஒழுக்கியது. ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் ஒரு வர்க்கிச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மயில்சாமி விரலைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"இது வர்க்கி இல்லப்பா," என்றார். "டீயில விழுந்தது."

கொர்னேலியஸ் சிரித்த சிரிப்பில் பறித்த மேரக்காயெல்லாம் உருண்டு ஓடியது.

"காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு," என்றாள் உமாராணி கதவோரத்திலிருந்து. "ஞாயித்துக்கெழமை நாலு. ஒம்பது வருசமா நடக்குதுங்க."

"தெரிஞ்சுமா நீ சொல்லல?"

"சொல்ல வந்தனுங்க. என் முந்தானையில தேடுனீங்க."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மயில்சாமிக்குத் தன் கையே தெரியாமல் போயிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு வரவில்லை. "என் கையாலயே கொல்லப் பாத்தேன் உமா," என்றார். சுபேதார், இன்னும் ஏதாவது விழுமா என்று பார்த்துக்கொண்டு, வாலை ஆட்டியது.

அன்றைக்கே ஒரு பை நிறையக் கேரட்டோடு கொர்னேலியஸ் வீட்டுப் படியேறினார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பும்போது கையில் மீன்குழம்பு இருந்தது. வீட்டிலிருந்த வர்க்கி டப்பா வேலி தாண்டிப் போனது. மறுநாள் காலையிலிருந்து டீ வருமுன் மயில்சாமி உமாராணிக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார். அவள் அவருடைய சட்டைப் பை, வேட்டி மடிப்பு, மங்கி கேப் மடிப்பு வரைக்கும் பார்த்தாள். முதல் வாரத்திலேயே மங்கி கேப்பில் ஒரு பிஸ்கட் கிடைத்தது. "எனக்கு வெச்சதுங்க அது" என்றார். அவள் நம்பவில்லை.

டீயோடு இப்போது கேரட்தான். அவருக்கு ஒரு துண்டு, நாய்க்கு ஒரு துண்டு. முதல் நாள் சுபேதார் கேரட்டை வாயில் வாங்கி, மரியாதையாகத் தரையில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தது. நாலாம் நாள் கடித்தது. பத்தாம் நாள் கேட்டு வாங்கியது. எட்டாவது வாரம் குன்னூர்த் தராசு முப்பத்தொன்றே முக்கால் காட்டியது. மழைதான். ஆனால் டாக்டர் ஈரத்துக்கு எதையும் கழிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று மயில்சாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துணைக்குக் கொர்னேலியஸ். ஒரு மணி நேரம் ஆனது. யாரோ வாங்கிவந்து கொடுத்த டீயைக் குடித்து முடித்தபோது, மயில்சாமியின் கை தானாக இடதுபுறம் கீழே இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்றில் கொஞ்ச நேரம் அந்தக் கை தொங்கியது. அவர் அழுதார். கொர்னேலியஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வந்து, "முழிச்சிட்டான் சார். நல்லா இருக்கான்" என்று சொன்ன பிறகும் அழுகை நிற்க நேரமானது.

பத்து நாள் கழித்துத் தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, சாயங்காலம் வாசலில் அதே நாற்காலி, டீ, தட்டில் இரண்டு துண்டு கேரட். சுபேதார் கேரட்டைத் தின்றது. பிறகு எழுந்து வந்து மயில்சாமியின் வலது பையை முகர்ந்தது. இடது பையை முகர்ந்தது. வேட்டி மடிப்பு, கால், விரலிடுக்கு என்று ஒன்று விடாமல் முறையாகப் பார்த்துக்கொண்டே போனது. மயில்சாமி தன்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கியபடி அது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

ஒன்றும் அகப்படவில்லை. சுபேதார் ஒரு பெருமூச்சு விட்டு, அவர் காலின் மேலேயே படுத்துக்கொண்டது.