நடு ஸ்பீக்கர்

கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே அண்ணன் முடிவு செய்துவிட்டிருந்தான். இடுப்புயர டவர் ஸ்பீக்கர் இரண்டு, அதிர்வுச் சத்தத்துக்கென்று மூலையில் உட்கார ஒரு சப்வூஃபர், இவற்றை ஓட்ட, வாட்ஸ் கணக்கைப் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ரிசீவர். நடுவில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் மட்டும் வேறு கம்பெனி. அதைக் கடைக்காரர் சும்மா தருவதாகச் சொல்லியிருந்தார்.

"சென்டர் ஃப்ரீம்மா," என்றான், தானே செய்து கொடுத்த மாதிரி.

அம்மா தலையாட்டினாள்.

தங்கை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நான்காக மடித்த ஒரு தாளும் ஒரு பென் டிரைவும் இருந்தன. இயற்பியலில் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க வைப்பது பெரும்பாடு. வீட்டில் அவளுக்குப் பெயரே மியூட்டு.

"அண்ணா, இது மூணும் ஒண்ணுக்கொண்ணு சேராது," என்றாள்.

"என்னது?"

"முன்னாடி வைக்கிற மூணு ஸ்பீக்கரும் ஒரே செட்டா இருக்கணும். இல்லன்னா படத்துல ஆள் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நடந்தா குரலே மாறிடும். பேசறதெல்லாம் நடு ஸ்பீக்கர்லதான் வரும். அதப் போய் ஓசில வாங்கறியே." மூச்சு வாங்கியது. "அப்புறம் இந்த டவரோட மின்தடை நாலு ஓம். ரிசீவருக்குப் பின்னால குறைஞ்சது ஆறுன்னு போட்டிருக்கு. சத்தம் கூட்டினா தாங்காது."

கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் பதில் சொன்னார். "பேப்பர்ல ஆயிரம் எழுதுவாங்க சார். சவுண்டு காதுல கேக்கணும், கணக்குல இல்ல."

"மியூட்டு இன்னிக்கு ஒரு வருஷத்துக்கான பேச்சைப் பேசிட்டா," என்று அண்ணன் சிரித்தான். "வா, உள்ள போய்க் கேப்போம்."

உள்ளே ஒரு சிறிய அறை. சுவரெல்லாம் கம்பளத்துணி, நடுவில் ஒரு சோபா, எதிரே திரை. அம்மாவை நட்டநடுவில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் ஒரு படத்தை ஓடவிட்டார். இரண்டு பேர் காரில் போகிறார்கள், பேச்சு, கார் கவிழ்கிறது. சோபாவே அதிர்ந்தது.

"கேக்குதாம்மா?"

"நல்லா கேக்குது," என்றாள் அம்மா. "அவன் பிரேக் பிடிக்கலைன்னான். இவன் மொதல்லயே சொல்றதுக்கென்னன்னான்."

அண்ணன் தங்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

அம்மா முப்பது வருஷம் நெசவு மில்லில் இருந்தவள். தறிகள் ஓடும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்கு எட்டாது. அதனால் அங்கே பெண்கள் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். பத்துத் தறி தள்ளி நிற்பவள் மாமியாரைத் திட்டுவதை அம்மா தன் இடத்திலிருந்தே படித்துவிடுவாள். மில் அவளுக்கு உதட்டைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. மெல்லிய ஒலிகள் போய்விட்டன. ச, த, ப எல்லாம் ஒரே குழம்பலாகத்தான் வந்து சேரும். காதுக்கு வாங்கிக் கொடுத்த கருவி பீரோவில் டப்பாவோடு கிடந்தது. "முப்பது வருஷம் மெஷினுக்குள்ள நான் இருந்தேன். இனி மெஷின் எனக்குள்ள வேணாம்," என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவு மோசம் என்று யாருக்கும் தெரியாது. தங்கைக்கே மூன்று மாதம் முன்புதான் தெரியும். அன்று வீட்டில் ஒரு டப்பிங் படம் ஓடியது. திரையில் உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொன்னது. எல்லாரும் திடுக்கிட்ட இடத்தில் அம்மா சிரித்தாள். அப்புறம் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை. "கதையை அப்புறம் சொல்றேம்மா," என்று அண்ணன் கூப்பிட்டுச் சொன்னான். சொல்லவில்லை. அன்றிலிருந்து படம் போட்டாலே அம்மாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

தங்கை பென் டிரைவை எடுத்து நீட்டினாள். "இதப் போடுங்க."

அன்று வீட்டில் ஓடிய அதே டப்பிங் படம், அம்மா சிரித்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து. முகங்களைப் பார்த்ததுமே அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சட்டென்று திரும்பி மகளைப் பார்த்தாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

'ஏண்டி என்னைக் காட்டிக் குடுக்கிற?'

அந்தப் பேச்சு மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வாய்விட்டுப் பேசத்தான் கூச்சம். இதில் அவள் வாயாடி.

'நீ அடுப்படியிலயே கிடக்கறதுக்கா ஸ்பீக்கர் வாங்கறோம்?'

'அவன் முன்னாடி வேணாம்.'

'வேணும். நான் விடமாட்டேன்.'

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. "இப்ப என்னம்மா சொன்னா அந்தப் பொம்பளை?"

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை.

"சத்தம் பத்தலை போல," என்று கடைக்காரர் கூட்டினார். இன்னும் கூட்டினார். திரையில் ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது. ரிசீவர் டக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துபோனது. அறை கப்சிப் என்றானது.

"தாங்காதுன்னு சொன்னேன்," என்றாள் தங்கை. பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். "என் பேப்பர்ல இருக்கறதைப் போடுங்க. மூணும் ஒரே செட்டு, அந்த ரிசீவர்."

"மேடம், பிரச்சினை ஸ்பீக்கர்ல இல்ல. அம்மாவுக்குக் காதுதான்..."

"ஆமா," என்றாள் அம்மா. தறி ஓசையை மீறிக் கத்துகிற மாதிரி அவள் குரல் எழுந்தது. "எனக்குக் காது போச்சு. இவ்வளவு நாளா வாயைப் பாத்துத்தான் ஓட்டிட்டு இருக்கேன். தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல? எம்பொண்ணு சொன்னதைப் போடுங்க."

அண்ணன் குனிந்து, கடைக்காரரோடு சேர்ந்து டவரை ஓரமாக நகர்த்தினான்.

புதிய செட்டில் பெருமைக்கு ஒன்றுமில்லை. உயரம் குறைவு. நடு ஸ்பீக்கர் மட்டும் ஒரு முழத்துக்கு மேல் நீளம். தங்கையே வயர் மாட்டினாள். ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் மூன்று படி ஏற்றி, சப்வூஃபரை அடக்கினாள். அதே காட்சியைத் திரும்பப் போட்டாள்.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"சாவியை," என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்தாள். "சாவியை அவளா ஒளிச்சு வச்சா! நான் அந்தத் தம்பிக்காரனை இல்ல சந்தேகப்பட்டேன்!"

"எல்லா வார்த்தையும் வருதாம்மா?" அண்ணன் குரல் தணிந்திருந்தது.

"ஒண்ணு ரெண்டு நழுவுது. நீ குறுக்க பேசாட்டி அதுவும் வரும்."

கடைக்காரர் கையைத் தேய்த்தார். "அப்ப பில் போட்டுடலாமா? டெமோ ரூம் பத்து நிமிஷம்தான். அடுத்த பார்ட்டி வந்துட்டாங்க."

"வரட்டும்," என்றாள் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி சோபாவில் மடித்து வைத்துக்கொண்டாள். "அன்னிக்குப் பாதியில எந்திரிச்சுப் போனேன். இன்னிக்கு எந்திரிக்க மாட்டேன்."

"இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் இருக்கும்மா," என்றான் அண்ணன்.

"இருக்கட்டும். நீ வேணா வீட்டுக்குப் போ. கதையை அப்புறம் சொல்றேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கடைக்காரர் தங்கையைப் பார்த்தார், இவளாவது எடுத்துச் சொல்லுவாள் என்று.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கணவன் மனைவியும், அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். தங்கை எழுந்து போனாள். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெரியாத நாலு பேர் முகத்துக்கு நேராக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கொஞ்சம் வெளியில இருங்க. எங்கம்மா படம் பாக்கறாங்க."