பானெட்டைத் திறந்தவர்

கார் ஓட்டும்போது புகை நாற்றம் மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது என் வீட்டுக்காரர் பிரயூனின் வேலைதான் என்று.

நேற்று சாயங்காலம் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஆயில் பார்க்கறேன்" என்றார். அந்தக் காருக்கு ஆயில் பார்ப்பது என்றைக்கும் நான்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்று என் தம்பி கம்பான், லம்பாங் ஊர்ச் சிறையிலிருந்து வெளியே வருகிறான். போன தடவை பார்க்கப் போனபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "அக்கா, கேட்ல நீ நின்னா வீட்டுக்கு வர்றேன். யாரும் இல்லேன்னா பாங்காக் பஸ்ஸப் பிடிச்சிடுவேன். அங்க நம்ம பசங்க இருக்காங்க." அந்தப் பசங்கதான் அவன் கையில் போதை மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பியவர்கள். இன்னொரு தடவை அவர்களிடம் போனால் என் தம்பி எனக்கு இல்லை.

பிரயூனைக் கேட்டால் ஒரே பாட்டுத்தான். "என் உழவு மெஷினை வித்துத் தின்னவன். என் வாசலை மிதிக்கக் கூடாது."

ஙாவ் ஊரைத் தாண்டுவதற்குள் புகை கண்ணாடியை மறைத்தது. நல்லவேளை, சாலையோரத்தில் உதோமின் பட்டறை இருந்தது. உதோம் என்னோடு பள்ளியில் படித்தவன். சோங்க்ரான் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்காகக் கன்னம் முழுக்கப் பவுடர் பூசிக்கொண்டு, பீர் பாட்டிலும் வறுத்த கணவாயுமாக நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா. வண்டி புகையுது."

"புவாவான், இன்னிக்கு என்ஜினுக்கும் லீவு."

"கம்பானைக் கூட்டிட்டு வரப் போறேன். மதியத்துக்குள்ள கேட்ல நிக்கணும்."

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்தான். பானெட்டைத் தூக்கினால் என்ஜினின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய். வழிந்து வழிந்து சூடான புகைக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ஜின் மேல் மூடியோட ரப்பர் கேஸ்கெட் போயிருக்கும் போல. கடையெல்லாம் அடைப்பு. லீவு முடிஞ்சுதான் வாங்க முடியும்."

"லீவு முடிஞ்சா? விளையாடறியா? அப்படியே ஓட்டிட்டுப் போறேன்."

"போயேன். பிரத்து ஃபா மலை ஏத்தத்துல தீப்பிடிச்சா கம்பான் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவான்."

பஸ்ஸில் போகலாமென்றால் திருவிழாக் கூட்டம் படியில் தொங்கிக்கொண்டு போகிறது. நான் பட்டறைக்கும் சாலைக்குமாக அல்லாடினேன்.

"அந்த ஆளு எதையோ புடுங்கி விட்டிருக்கார், உதோம். நல்லாப் பாரு."

"பொண்டாட்டி ஓட்டற வண்டியை எவனாவது கெடுப்பானா?"

"மச்சானைப் பிடிக்காதவன் கெடுப்பான்."

அவன் பெட்ரோல் நனைத்த துணியால் என்ஜினை அங்குலம் அங்குலமாகத் துடைத்தான். காயவிட்டான். பிறகு கன்னத்தில் பூசிக்கொண்ட அதே பவுடர் டப்பாவை எடுத்து என்ஜின் மேல் தாராளமாகக் கொட்டினான்.

"கருப்பா எங்க முதல்ல நனையுதோ அங்கதான் ஓட்டை. ஸ்டார்ட் பண்ணு."

ஸ்டார்ட் செய்தேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் லாரி வேகம் குறைத்தது. பின்னால் நின்ற கும்பல் ஒரு வாளி ஐஸ் தண்ணீரை எங்கள் தலையிலும் என்ஜினிலும் சேர்த்து ஊற்றிவிட்டு, "நல்ல வருஷமா அமையட்டும் அக்கா!" என்று கத்திக்கொண்டே போனது. பவுடரெல்லாம் கூழாகிவிட்டது. நான் செருப்பைக் கழற்றி லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். உதோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகை முட்டியது. பிறகு அவனே மறுபடியும் துடைத்து, மறுபடியும் காயவைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, டப்பாவில் மிச்சமிருந்த பவுடரைத் தட்டினான்.

இந்தத் தடவை தெரிந்தது. கேஸ்கெட் ஓரம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது. எண்ணெய் ஊற்றும் வாய் மூடியின் அடியிலிருந்து மெல்லிய கருப்புக் கோடு ஒன்று கீழே இறங்கியது.

என்ஜினை அணைத்தோம். உதோம் மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். "அட!"

அந்த வாயின் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை நூல். எண்ணெயில் ஊறிப் பழுப்பாகியிருந்தது.

"இதுக்கு மேலயே மூடியைத் திருகி வச்சிருக்காங்க. அதான் மூடி சரியா உட்காரலை. விளக்குத் திரி மாதிரி நூல் எண்ணெயை வெளியே இழுத்திருக்கு."

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று கத்தினேன். "வேணும்னே கட்டியிருக்கார் பாரு!"

"கொஞ்சம் வாயை மூடு, புவாவான். இது என்ன நூல்னு பாரு."

பார்த்தேன். நேற்றுக் காலை எங்கள் ஊர் விகாரையில் பிக்குகள் ஓதி, வந்தவர்களுக்கெல்லாம் அறுத்துக் கொடுத்த நூல் அது. நான் சமையலில் இருந்ததால் போகவில்லை. அதே காலையில் பிரயூன் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். நூலின் முடிச்சு, வலையின் ஓரத்தில் அவர் போடுகிற இரட்டை முடிச்சு. எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

ஊரில் எல்லோரும் பயணத்துக்கு முன் இந்த நூலைக் காப்பாகக் கண்ணாடியில் கட்டுவார்கள், ஸ்டியரிங்கில் கட்டுவார்கள். அங்கே கட்டினால் நான் பார்த்துவிடுவேனே! வாசலை மிதிக்கக் கூடாது என்று கத்திய வாய் என்னாவது? என் கண்ணிலேயே படக் கூடாதென்று மூடிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார் மடையர். என்னைக் கொன்றிருப்பார். எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது.

உதோம் பழைய என்ஜின் ஒன்றின் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி எங்கள் மூடியில் மாட்டினான். எங்களுடையதில் நூல் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. குறைந்த எண்ணெயை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நூலை எண்ணெய்த் துணிகளோடு எறியப் போனான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிரத்து ஃபா மலைச் சன்னதியில், அந்த வழி போகிற எல்லோரையும் போல வணக்கமாக ஹாரன் அடித்துவிட்டு மலையை இறங்கினேன். சிறைக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. கேட்டில் யாரும் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் தேடினேன்.

எதிரே பஸ் நிறுத்தத்தில், மடியில் பிளாஸ்டிக் பையோடு கம்பான் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்க்கா" என்றான். "அடுத்ததுல ஏறிடலாம்னு இருந்தேன்."

கையை நீட்டச் சொன்னேன். வீடு திரும்புகிறவர்களுக்குக் கட்டுவது போல நூலை அவன் மணிக்கட்டில் கட்டினேன். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா இது, ஆயில் நாத்தம் அடிக்குது?"

"உன் மாமா வாங்கிட்டு வந்தது. நாம பத்திரமா வரணும்னு."

அவன் காரில் ஏறி உட்கார்ந்தான். ஙாவ் வரைக்கும் ஊருக்கு ஊர் வாளியோடு நின்றவர்கள் ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தலை நனைந்தது, சட்டை நனைந்தது. துடைக்கக் கூட இல்லை. வழி நெடுக அந்த மணிக்கட்டை மட்டும் மற்றக் கையால் பொத்திக்கொண்டே வந்தான்.