சவேரியார் கையை இறக்கிய வருஷம்

1946ஆம் வருஷம் தவக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில், தூத்துக்குடி கடற்கரைக் குருசடியில் மரச்சுரூபமாக நின்ற சவேரியார், ஆசீர்வதிக்க உயர்த்தியிருந்த வலது கையைத் தோள்மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் நீட்டினார். அன்று காற்று வாகாக இருந்தது. கொழும்புத் தோணிக்கு உப்பு ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். உப்புக் கிட்டங்கியிலிருந்து துறைக்கு மூட்டை சுமக்கும் பாதையில், குருசடிக்கு எதிரே ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போன பெண்ணுக்கு அப்படிக் கல் நடுவது வழக்கம். அவள் இறக்க முடியாத சுமையை மற்றவர்களாவது இறக்கட்டும் என்று. இது சுமைகூலியாள் சிலுவையின் பெண்சாதி ஞானபாக்கியத்துக்கு நட்டது. அவளுக்கென்று மிஞ்சியது அதில் வெட்டிய பெயர்தான். தரையில் இறக்கினால் திரும்ப ஏற்றிவிட ஆள் வேண்டும் என்பதால், எல்லாரும் அந்தக் கல்லில்தான் மூட்டையைச் சாய்த்து மூச்சு வாங்குவார்கள். நேரம் வீணாகிறதென்று தோணி முதலாளி சீமோன், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் கல்லைப் பெயர்த்துக் கிட்டங்கிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

மறுநாள் சிலுவை மூட்டையோடு வந்து, கல்லைக் காணாமல் நின்றான். மேஸ்திரி செல்லப்பாண்டி, "நடலே! இளைப்பாற இது என்ன ஒன் மாமனார் வீடாலே?" என்றார். அப்போதுதான் கை இறங்கியது. சிலுவை மூட்டையை அதன்மேல் வைத்தான். மரக்கை அசையவில்லை. பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள்.

முன்காலத்தில் சவேரியார் இந்தக் கரையில் மணியடித்து நடந்து, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனபோது, இங்குள்ளவர்கள் அந்தக் கையை முறைவைத்துத் தாங்கிப் பிடித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆகவே யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை.

முதலாளி தச்சனை அனுப்பினார். அவன் கையைத் தூக்கிக் கட்டினான், விடிவதற்குள் இறங்கிவிட்டது. மறுபடி கட்டப்போனபோது தச்சனின் கையே தோளுக்கு மேல் எழும்பவில்லை. அவன் ஆலந்தலையில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான்.

முதலாளியே வந்தார். "மூட்டைய எடுங்கலே!"

"வைக்கச் சொன்னது நாங்க இல்ல முதலாளி," என்றான் சிலுவை. "வேணும்னா சவேரியார் மேல கேசு போடும். ஞானபாக்கியம் கல்லு திரும்பி வாற வரைக்கும் ஒரு மூட்டையும் துறைக்குப் போவாது."

போகவில்லை. மூட்டைகள் அந்தக் கையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடிமர உயரத்துக்கு ஏறின. தோணி காலியாக ஆடியது. காற்று மாறப்போகிறதென்று தோணியை ஓட்டும் தண்டல் அதிலிருந்தே கத்தினார். முதலாளி கிட்டங்கியைத் திறந்தார்.

கல் பழைய இடத்திலேயே நின்றது. சிலுவை பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கினான். பங்குச்சாமியார், இனிக் கையை உயர்த்தலாம் என்று சவேரியாரிடம் முறைப்படி செபித்துக் கேட்டார். அவர் உயர்த்தவில்லை. டிசம்பரில் அவர் திருநாளுக்குப் பவனியாகத் தூக்கிவந்தபோது, நீட்டிய கையோடு சுரூபம் கோயில் வாசலில் நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பப் பார்த்தார்கள், அது திரும்பவுமில்லை. வாசலை இடித்து அகலமாகவும் உயரமாகவும் கட்டினார்கள். இப்போது தலையில் மூட்டையோடு வருகிறவனும் குனியாமல் உள்ளே போகலாம்.