பூட்ஸைக் கழற்றாத ஆல்வின்

எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் பால்பண்ணைக்காரன் ஒருவன் அடுத்த வீட்டு வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றினால், உட்காரப் போகிறான் என்று அர்த்தம். கழற்றாவிட்டால் கிளம்பப் போகிறான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

ஆல்வின் கழற்ற மாட்டான். மனைவி இறந்த பிறகு அவனுக்குப் பேச்சுத்துணை மாடுகள்தான். அவையும் கறந்து முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். மேட்டுப் பண்ணை நோரீனும் கணவன் டெஸ்ஸை இழந்தவள். வேலி சரிபார்க்க, குழாய் அடைப்பு எடுக்க என்று ஏதாவது சாக்கில் ஆல்வின் அங்கே போவான். உள்ளே வந்து டீ குடிக்கச் சொல்வாள். பூட்ஸெல்லாம் சேறு, இங்கேயே நிற்கிறேன் என்பான். சாரல் மேலே அடிக்க வராந்தாவில் நின்று குடித்துவிட்டு, யாருமில்லாத தன் வீட்டுக்குத் திரும்புவான்.

எல்லாம் வலது கால் கட்டைவிரல் நகத்தால் வந்த வினை. மஞ்சளாகி, தடித்து, கொம்பு மாதிரி எழும்பி, புதுக் காலுறையைக்கூடக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். அந்த லட்சணத்தில் நோரீன் வீட்டுக் கம்பளத்தில் எப்படிக் கால் வைப்பது?

முதலில் கைவைத்தியம். கறந்ததும் மாட்டுக் காம்பில் தடவும் அயோடினை நகத்திலும் தடவினான். மாட்டுக்கு ஆகிறது மனிதனுக்கு ஆகாதா என்பது எங்கள் ஆட்களின் கொள்கை. நகம் செம்பழுப்பானது, உள்ளே இருந்தது அசையவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு டவுன் டாக்டரம்மாவிடம் காலை நீட்டினான். தடித்த நகமெல்லாம் பூஞ்சை ஆகிவிடாது என்று அவர் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சையேதான். நாளெல்லாம் ஈரமும் வியர்வையுமாக ரப்பருக்குள் கிடந்தால் வராமல் என்ன செய்யும் என்றார். கல்லீரல் தாங்குமா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். பீரைக் குறைக்கச் சொன்னார், பூட்ஸைக் காயவைத்துப் போடச் சொன்னார்.

"மாத்திரை பூஞ்சையத்தான் கொல்லும். கெட்ட நகம் கெட்டதுதான். அடியிலேர்ந்து புதுசு வளந்து பழசத் தள்ளணும். ஒரு வருஷம் ஆகும், மேலயும் ஆகலாம்."

"அதுக்குள்ள என் மாடு சினை புடிச்சுக் கன்னே போட்டுடும் டாக்டர்."

ஆனாலும் காத்திருந்தான். சாயங்காலம் அடுப்பருகே உட்கார்ந்து, புது நகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு. மேட்டுப் பண்ணைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டான். முழுக்கச் சரியானதும் போய், கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று கணக்கு. பைத்தியக்காரன். அவ்வளவு காலத்தில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வசந்தத்தில் கடைசி மஞ்சள் துணுக்கையும் வெட்டி எறிந்தான். முகச்சவரம் செய்துகொண்டு, புதுக் காலுறை மாட்டி, நோரீன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து பூட்ஸில் கை வைத்தான். கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். பண்ணையை விற்றுவிட்டாளாம், கடல் தாண்டி டாஸ்மேனியாவில் தங்கையோடு இருக்கப் போகிறாளாம்.

"இத்தன வருஷத்துல நீ ஒரு தடவகூடக் கழட்டினதில்ல. சரி, இருக்கற எண்ணம் உனக்கு இல்லன்னு நானும் விட்டுட்டேன்" என்றாள்.

அவன் நகத்தின் கதையைக் கொட்டினான். அயோடின் வரைக்கும் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். பிறகு படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டெஸ்ஸுக்குப் பத்து விரலும் அப்படித்தான் இருந்துச்சு. படுக்கை விரிப்பெல்லாம் கிழியும். நான் ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லப்பா."

அவன் மறுபடி பூட்ஸை இழுத்தான்.

"கழட்டாதே ஆல்வின். கம்பளத்தயெல்லாம் சுருட்டி அனுப்பியாச்சு. அப்படியே உள்ள வா."

அந்த வீட்டுக்குள் முதல்முறையாகப் போனான், பூட்ஸோடு. நாற்காலிகளும் போயிருந்தன. இருவரும் நின்றபடியே டீ குடித்தார்கள்.