இடப்பக்கப் பொத்தான்கள்

இந்தக் கோட்டு தேய்த்துத் தேய்த்தே நைந்திருக்கிறது. கைகளில் மடிப்பு விழுந்த இடம் எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிறது. ஒவ்வொரு முறையும் அதே மடிப்பின் மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்த கை, இதை மதித்த கை. அந்தக் கை இப்போது எனக்கு எதிரே குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருக்கிறது.

அம்பிளி இப்படி நினைத்தாள்.

பெங்களூரில் ஏற்றுமதித் துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் அவள். கணவன் ராஜனைப் பிரிந்து பாறசாலைக்குத் திரும்பி வந்தபின், பழைய உடைகளை இணையத்தில் விற்கும் கொச்சிக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கடைக்காரர்கள் மூட்டை அனுப்புவார்கள். எது உண்மையான ராணுவச் சீருடை, எது அதைப் போலப் பெண்களுக்காகத் தைத்த நாகரிக உடை, எந்த வருடத்தது என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். மூட்டையில் வருவதில் பெரும்பாலும் போலச் செய்தவைதாம்.

பிரேமகுமாரி இந்தக் கோட்டோடு அமரவிளையிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்திருந்தாள். அவள் மகள் பிரசீதாவும் அம்பிளியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிரேமகுமாரியின் கணவர் கிருஷ்ணன்குட்டி டெல்லியில் பல வருடம் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இறந்துபோனார்.

"பட்டாளக் கோட்டுண்ணுதானே நினைச்சேன் மக்கா," என்றாள் பிரேமகுமாரி. "அவருக்க யூனிபாரம் கூட ஒரே பெட்டியில கெடந்து. வருஷா வருஷம் எடுத்து வெயில்ல போட்டு, தேச்சு, பாச்சா உருண்டையும் வச்சு மடக்குவேன். பித்தானுக்குப் புளி போட்டுத் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளையாட்டு வருது. பித்தளைக்கும் இப்பம் தரம் இல்லாம போச்சேண்ணு நினைச்சேன்."

"அது பிளாஸ்டிக்காக்கும் மாமி. மேல முலாம்."

"பிளாஸ்டிக்கா! இத்தர காலமும் பிளாஸ்டிக்குக்கா நான் புளி கரைச்சேன்?" பிரேமகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, பித்தான்ல உள்ள இந்த சிங்கம்?"

"எந்தப் பட்டாளத்துலயும் இல்லாத சிங்கம். தைச்சவன் சும்மா போட்டது."

"கொள்ளாம். சிங்கமும் கள்ளச் சிங்கம்."

சிரிப்பு நின்றது. அவள் கோட்டின் காலரைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"பெட்டி ஒதுக்கும்போ பிரசீதா இத எடுத்துப் போட்டுப் பாத்தா. அளவு எடுத்துத் தைச்சது போல உண்டு. 'அம்மா, பித்தான் இடப்பக்கமாக்கும் கெடக்குது. இது பெண்ணுங்க கோட்டு'ண்ணு பறஞ்சு சிரிச்சா. நான் சிரிக்கல்ல. பின்ன அவளும் நிறுத்தினா."

"டெல்லியில நடைபாதையில பழைய துணி நெறைய விப்பாங்க மாமி. உங்களுக்கு வாங்கியிருக்கலாம்."

"எனக்கு வாங்கினதுண்ணா எனக்குத் தந்திருப்பாரே."

மழை ஓட்டின் மேல் கனத்தது. பிரேமகுமாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருண்ணு எனக்கு வேண்டாம். எனக்குக் கல்யாணம் எண்பத்தி நாலுல. இது அதுக்கு முன்னையா பின்னையா? அது மட்டும் பற. முன்னண்ணா அது அவருக்க வாழ்க்கை. இளம் பிராயம், தனியா கெடந்தாரு. நான் அத கேக்க ஆளில்ல. பின்னண்ணா..." அவள் குடைப்பிடியை மறுபடி திருகினாள். "கர்க்கடக வாவு வருது, ஆடி அமாவாசை. ஆத்துல எறங்கி அவருக்குப் பலி போடணும். மனசறிஞ்சு போடணும் இல்லியா? கள்ளம் பறயாத. இந்தப் பித்தான் மாதிரி முலாம் போட்டுத் தராத."

அம்பிளி கோட்டை உள்புறம் திருப்பினாள். காலரின் உள்ளே முகப்பவுடர் படிந்து, இஸ்திரியின் சூட்டில் பழுப்பாக இறுகியிருந்தது. முழங்கைகளில் சுருக்கங்கள் நிலைத்துவிட்டிருந்தன. ஒருத்தி பல குளிர்காலங்கள் இதை அணிந்திருக்கிறாள். கழுத்தில் தைத்த கம்பெனியின் முத்திரைத் துணியை வெட்டி எடுத்திருந்தார்கள். உட்பையில் நைலான் ஜிப். தோளைத் தொட்டதும், உள்ளே வைத்துத் தைத்த நுரைப்பஞ்சு மஞ்சள் பொடியாக உதிர்ந்து மேசையில் விழுந்தது. அத்தனை அகலமான தோள் எந்தக் காலத்தது என்று அவளுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, இதே துணியில் இதே சிங்கத்தோடு ஒரு கோட்டு போன மாதத்து மூட்டையில் வந்திருந்தது. அதில் முத்திரை அப்படியே இருந்தது, வருடத்தோடு. எண்பத்தெட்டு.

அவளும் பிரசீதாவும் பிறந்த வருடம். பள்ளி விட்டு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிரேமகுமாரி தோசை சுட்டுக்கொண்டே பெருமையாகச் சொல்வாள்: இவ பொறந்தப்பம் அவருக்கு லீவே கிட்டல்ல, ஒரு வயசு ஆன பிறகுதான் மகள எடுத்துப் பாத்தாரு.

முன்னே. ஒரு பொய்ச் சொல்தான். அம்பிளியின் நாக்கில் அது தயாராக வந்து நின்றது.

பெங்களூரில் ஒருநாள் ராஜனின் சட்டைக் காலருக்குள் சலவைக்கடைச் சீட்டு ஒன்று இருந்தது. அவளுக்குத் தெரியாத ஊர். அதில் ஒரு தேதி. படிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் படிப்பதுதான் அவள் தொழில். அதுவரை அவளிடம் இருந்தது சந்தேகம். அதைப் பகலில் ஒதுக்கிவைத்துவிட்டு வேலை செய்ய முடிந்தது. தேதி அப்படி ஒதுங்கவில்லை. அந்தத் தேதியன்று அவள் நெத்திலி பொரித்துவைத்துக் காத்திருந்தாள். பேருந்து கிடைக்கவில்லை என்று அவன் போனில் பேசியதும், பரவாயில்லை என்று தான் சொன்னதும் நினைவில் இருந்தன. சீட்டைப் படித்தபின், அந்த மாலையில் நின்றவள் ஏமாளியாகிப்போனாள். எப்படியும் பிரிந்திருப்பார்கள். ஆனாலும் அந்த மாலை அவளுடையதாக மிஞ்சியிருக்கும்.

இந்த அம்மாளிடமிருந்து எதை எடுக்கப் போகிறேன்? குழந்தை பிறந்த வருடத்தையா? தோசைக்கல்லின் முன்னால் நின்ற அந்தப் பெருமையையா?

பொய் வேண்டாம் என்கிறாள். உண்மையைக் கையில் கொடுத்தால் ஆற்றில் எதை வைத்து இறங்குவாள்?

அம்பிளி உதிர்ந்த மஞ்சள் பொடியை உள்ளங்கையால் கூட்டி ஒதுக்கினாள். கோட்டை எடுத்து, பழைய மடிப்புகள் மாறாமல் மடித்துப் பிரேமகுமாரியின் பக்கம் நகர்த்தினாள்.

"இதுக்கு நான் வருஷம் பறயல்ல மாமி."

"தெரியல்லியா?"

அம்பிளி கோட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கடைக்காரனுக்குப் பறயுதியே."

"அவனுக்குப் பறயலாம்."

பிரேமகுமாரியின் விரல் தன்னையறியாமல் கோட்டுக்கையின் மடிப்பை நீவிவிட்டது.

"நீ பறயாம இருந்தா, அதும் ஒரு பதில்தானே மக்கா?"

"ஆவட்டு மாமி," என்றாள் அம்பிளி. "எனக்க வாயிலேருந்து வேண்டாம்."