கூடிப்போன எண்ணிக்கை

பதினெட்டு வருடம் வார்டில் வேலை பார்த்த பிறகு அக்கா முதுநிலை நர்சிங் படிக்கப் போனாள். ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் முறையைத் திருத்துவதுதான் அவளுடைய ஆய்வு. இருவரும் கட்டிலருகே நின்று மருந்துச் சீட்டைச் சேர்ந்து படிக்க வேண்டும். இதனால் மருந்துத் தவறுகள் குறையும் என்று நம்பினாள். தன் வார்டில் இதைச் செய்து பார்த்த மூன்று மாதத்தில், அதற்கு முந்தைய மூன்று மாதப் பதிவேட்டில் நான்காக இருந்த தவறுகள் பதினொன்றாகிவிட்டன.

"என் மானம் கப்பலேறப் போகுதுடி" என்று வாய்மொழித் தேர்வுக்குப் படியேறும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அந்த எண்ணை மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளரும் ஒரு மூத்த நர்ஸ்தான். ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"இந்தப் பதினொண்ணுல எத்தனை நோயாளி வரைக்கும் போச்சு?"

"ஒண்ணுதான் மேடம். மத்ததெல்லாம் மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டோம்."

"பழைய நாலு?"

"நாலுமே போயிடுச்சு மேடம்."

"அப்புறம் என்னம்மா? முன்னாடி குடுக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுத் தப்பிச்சதையெல்லாம் யாரும் எழுதவே இல்ல. இப்போ உங்க நர்சுங்க பயப்படாம எழுதறாங்க. மொத்த எண்ணிக்கைய மட்டும் பார்த்து மிரண்டுட்டீங்க."

அக்கா தேறிவிட்டாள். வெளியே வந்ததும் வார்டுக்குப் போன் போட்டு, "எழுதினீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிடி எல்லாருக்கும்" என்றாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள். அழுது முடித்ததும், "பசி உயிர் போகுது, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள்.